மூவாயிரம் மீட்டர் உயரத்தில் கூடாரம்: வீலர் சிகர முகாம் தளம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், யூட்டா எல்லையை ஒட்டிய கிரேட் பேசின் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பெய்யும் மழையும் உருகும் பனியும் எந்தக் கடலையும் சென்றடையாமல் உள்நாட்டு ஏரிகளிலும் உப்புப் படுகைகளிலும் வற்றிப்போகும் பரந்த நிலப்பகுதிக்கே கிரேட் பேசின், அதாவது பெரும்படுகை, என்று பெயர். அப்படுகையின் பாலைநிலத்திலிருந்து தீவுகள்போல் எழும் மலைத்தொடர்களுள் ஒன்றான ஸ்நேக் தொடரில், 3,982 மீட்டர் உயரமுள்ள வீலர் சிகரத்தின் அடிவாரக் காட்டுக்குள், 3,013 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் முகாம் தளமே இவ்வத்தியாயத்தின் பொருள். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதால், உதகையிலோ கொடைக்கானலிலோ தங்கிப் பழகியவர்களுக்கும் இவ்வுயரம் புதியதே.

இத்தளத்தில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அந்த வேர் காற்றின் அடர்த்திக் குறைவு. கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு மட்டுமே மூவாயிரம் மீட்டரில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான் என்றாலும், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றே குறைந்துவிடுவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. தலைவலி வருவதும், பருப்பு வேகாமல் போவதும், பகல் வெயில் தோலைச் சுடுவதும், சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் விரல்கள் விறைப்பதும் இதன் விளைவுகளே. கடைக்குப் போய் எதை வாங்குவது என்று பட்டியலிடுவதற்கு முன் இதை மனத்தில் கொள்பவர், பட்டியலில் பாதியைத் தாமே அடித்துவிடுவார்.

பருவமும் பாதையும்

தளத்துக்குச் செல்லும் மலைப்பாதையின் மேற்பகுதி பனியால் மூடப்பட்டு, பொதுவாக ஜூன் மாதத்தில்தான் திறக்கப்படுகிறது. இலையுதிர்காலத்தில் பனி விழுந்ததும் மீண்டும் அடைக்கப்படுகிறது. திறப்பும் அடைப்பும் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டுத் தேதியை நம்பி விமானச்சீட்டு எடுப்பது பிழை. பூங்கா நிர்வாகத்தின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்த பின்பே இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் இதமாக இருந்தாலும் பிற்பகல் இடிமழைக்கு இடமுண்டு. செப்டம்பரில் வானம் தெளிவாகவும் ஆஸ்பென் மரங்களின் இலைகள் பொன்னிறமாகவும் இருக்கும், ஆனால் இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்கத் தொடங்கும். குளிருக்குத் தயாராக வரக்கூடியவர்களுக்குச் செப்டம்பரே சிறந்தது. குழந்தைகளுடன் முதன்முறை வருவோர் ஜூலையைத் தேர்வது நல்லது.

லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 460 கிலோமீட்டரும், சால்ட் லேக் சிட்டியிலிருந்து சுமார் 375 கிலோமீட்டரும் ஓட்டிவந்தால் மலையடியில் உள்ள பேக்கர் என்னும் சிற்றூரை அடையலாம். இவ்வழியில் செல்லும் 50ஆம் எண் நெடுஞ்சாலையை 1986இல் லைஃப் இதழ் அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று குறிப்பிட்டது. குறை சொல்லும் நோக்கில் எழுதப்பட்ட அப்பெயரை நெவாடாக்காரர்கள் விளம்பரமாகவே ஆக்கிக்கொண்டனர். பெயர் மிகையன்று என்பதால், ஈலி அல்லது டெல்டா நகரில் பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொள்வதும் மளிகை வாங்கிவிடுவதும் கட்டாயம். யூட்டாவிலிருந்து வருவோர் எல்லையைக் கடக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பேக்கரைக் கடந்து பூங்காவுக்குள் நுழைந்ததும் தொடங்கும் மலைப்பாதை 12 மைல், அதாவது 19 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. 24 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் பாதையின் மேற்பகுதியில் அனுமதிக்கப்படுவதில்லை. பெரிய வீட்டு வண்டியை வாடகைக்கு எடுக்க நினைப்போர் இதை முன்பே கவனிக்க வேண்டும். மேலே மின் இணைப்போ குளியலறையோ கிடையாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத குழிக்கழிப்பறை மட்டுமே உண்டு. குடிநீர்க் குழாய் கோடைப் பருவத்தில் மட்டும் இயங்குவதாலும், குழாய்கள் உறையும் அச்சத்தால் பருவ முடிவில் நிறுத்தப்படுவதாலும், தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் கீழிருந்தே கொண்டுவருவது பாதுகாப்பானது. கைப்பேசிச் சேவையை எதிர்பார்க்கக் கூடாது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரவு எங்கே?

லாஸ் வேகாஸ் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் அளவிலேயே உள்ளது. காலையில் அங்கிருந்து புறப்பட்டு மாலையில் வீலர் தளத்தில் கூடாரம் அடிப்பவர், ஒரே நாளில் 2,400 மீட்டர் ஏறி அங்கேயே உறங்கவும் போகிறார். தாழ்நிலத்திலிருந்து வருவோர் முதல் நாளிலேயே 2,750 மீட்டருக்கு மேல் உறங்குவதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இதைக் கடைப்பிடிப்பது இங்கே எளிது. அதே மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில், 2,225 மீட்டர் உயரத்தில் கீழ் லேமன் ஓடை முகாம் தளமும், 2,360 மீட்டர் உயரத்தில் மேல் லேமன் ஓடை முகாம் தளமும் உள்ளன. முதல் இரவை இவற்றுள் ஒன்றில் கழித்துவிட்டு இரண்டாம் நாள் மேலே செல்வது, இந்த அத்தியாயம் தரக்கூடிய அறிவுரைகளுள் மிகுந்த பயனுடையது. ஓர் இரவு வீணாகிறதே என்று எண்ணுவோர், தலைவலியுடன் கூடாரத்துக்குள் படுத்துக் கழிக்கும் பகல் பொழுதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயரத்துக்கு உடல் பழகாமையால் வரும் உபாதை மலைநோய் எனப்படும். உயரத்தை அடைந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி தோன்றி, அதனுடன் குமட்டலோ, பசியின்மையோ, மிகுந்த களைப்போ, கிறுகிறுப்போ சேர்ந்தால் அது மலைநோயே என்று கொள்ள வேண்டும். வயதுக்கும் உடற்பயிற்சிக்கும் இதில் சலுகை இல்லை. நாள்தோறும் ஓடுபவர் விழுந்துகிடக்க, நடைப்பழக்கமே இல்லாதவர் நலமாக இருப்பதும் உண்டு. மேலும் ஏறாமல் ஓய்வெடுத்து, தண்ணீர் அருந்தி, மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்த்தால் ஒன்றிரண்டு நாளில் உடல் இணங்கிக்கொள்ளும். முன்கூட்டியே உட்கொள்ளும் அசிட்டசோலமைடு என்ற மருந்து உண்டு. அதை மருத்துவரின் ஆலோசனையின்றி எடுக்கலாகாது. இதயம், நுரையீரல் தொடர்பான நோயுள்ளவர்களும் கருவுற்றவர்களும் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகள் தோன்றினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறி, இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவர்போல் தள்ளாடி, பேச்சு குழறினால் மூளையில் வீக்கம் ஏற்பட்டிருக்கலாம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால், பின்னது உடனே வெளிப்பட்டுவிடும். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதே. வண்டியில் அரை மணி நேரம் இறங்கினால் ஆயிரம் மீட்டர் குறைந்துவிடும் என்பது இத்தளத்தின் பெரிய வரம். ஆகையால் இரவில் வண்டியை வெளிவாயிலை நோக்கி நிறுத்துவதும், சாவி இருக்கும் இடத்தைப் பெரியவர்கள் அனைவரும் அறிந்திருப்பதும், வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவராவது மது அருந்தாமலிருப்பதும் வெறும் ஒழுங்குமுறை அல்ல, மருத்துவ ஏற்பாடே. மருத்துவமனை ஈலி நகரில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

அச்சப்படத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. உயரத்தில் உறங்குபவரின் மூச்சு ஆழமாகிப் பின் மெலிந்து, சில நொடிகள் நின்று, மீண்டும் ஒரு பெருமூச்சுடன் தொடங்குவது வழக்கம். அருகில் படுத்திருப்பவர் இதைக் கேட்டுத் திடுக்கிடக்கூடும்; பகலில் நலமாக இருப்பவருக்கு இது தீங்கன்று. சிறுநீர் அடிக்கடி பிரிவதும் உடல் உயரத்துக்குப் பழகுவதன் அடையாளமே என்பதால், தலைவிளக்கையும் செருப்பையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கூடாரமும் படுக்கையும்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. பேக்கரில் 30 டிகிரி இருக்கும் பிற்பகலில் வீலர் தளத்தில் 21 டிகிரி அளவே இருக்கும். கோடை நடுவிலும் பின்னிரவில் உறைநிலையை நெருங்குவது இயல்பு, பனி விழுவதும் நடக்காததன்று. புதிதாக வருவோர் பெரும்பணத்தைக் கூடாரத்தில் போட்டுவிட்டு, படுக்கைப்பாயில் சிக்கனம் பார்ப்பது பரவலாகக் காணப்படும் தவறு. கூடாரம் காற்றையும் மழையையும் தடுக்குமே தவிரக் குளிரைத் தடுக்காது. உடலின் சூட்டை உறிஞ்சுவது கீழே உள்ள தரை. படுத்திருப்பவரின் எடையில் உறக்கப்பையின் அடிப்புறம் நசுங்கி வெறும் துணியாகிவிடுவதால், தரைக்கும் உடலுக்கும் இடையே காப்பாக நிற்பது பாய் ஒன்றே. பாய் வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்னும் எண்ணால் குறிக்கிறார்கள். இத்தளத்துக்கு அது 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கடற்கரைக்குக் கொண்டுபோகும் காற்றடைத்த மெத்தை மென்மையாக இருந்தாலும், உள்ளிருக்கும் காற்று புரண்டு சூட்டைக் கொண்டுபோய்விடுவதால் விடியற்காலையில் முதுகை விறைக்கச் செய்யும்.

உறக்கப்பையின் உறையில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. கம்ஃபர்ட் எனப்படுவது குளிர் தாங்காதவரும் இயல்பாக உறங்கக்கூடிய அளவு. லிமிட் எனப்படுவது குளிர் தாங்குபவர் உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ உறங்கிவிடக்கூடிய அளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படுவது பெரும்பாலும் பின்னது. முன்னதில் மைனஸ் 5 டிகிரி என்றிருக்கும் பையே இங்கே பொருந்தும். பகலில் வியர்த்த பருத்தி உடையுடன் அதற்குள் நுழையக் கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குளிரவைக்கும். உலர்ந்த கம்பளி உள்ளாடைக்கும் காதை மூடும் குல்லாவுக்கும் ஈடில்லை.

கூடாரத்தை அடிக்குமுன் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். தளத்தைச் சூழ்ந்துள்ள எங்கல்மன் ஸ்ப்ரூஸ், ஆஸ்பென் மரங்களிடையே பட்டுப்போன மரமோ முறிந்து தொங்கும் கிளையோ மேலே இருந்தால், ஒதுக்கப்பட்ட பரப்புக்குள்ளேயே சற்று விலகி அடிக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் பள்ளத்தில் தேங்கும். ஒரு முழம் உயர்ந்த மேடும் உதவும். தரை கல் நிறைந்தது என்பதால் கூடாரத்துடன் வரும் மெல்லிய முளைகள் வளைந்துவிடும். தடித்த எஃகு முளைகள் சிலவற்றைத் தனியாக வாங்கிவருவது நன்று. குளிருக்கு அஞ்சி காற்றுத் திறப்புகளை அடைத்துவிட்டால், மூச்சின் ஈரம் கூரையில் படிந்து விடியற்காலையில் சொட்டும்.

சமையல்

அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். இத்தளத்தில் நீர் ஏறத்தாழ 90 டிகிரியில் கொதிக்கிறது. அதன்பின் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகிக் குறையும். தளதளவென்று கொதிக்கும் நீரில் ஒரு மணி நேரம் கிடந்த துவரம்பருப்பு விரலிடையில் நசுங்காமல் வழுக்குவதும், சோறு மேலே குழைந்து நடுவில் அரிசியாக நிற்பதும் இதனாலேயே. இதற்கு மாற்று குக்கர்தான். வெளியே உள்ள அழுத்தத்துக்கு மேல், கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு ஏறத்தாழ நிகரான கூடுதல் அழுத்தத்தைக் குக்கரின் வெயிட் பிடித்துவைப்பதால், கடல் மட்டத்தில் 120 டிகிரி அளவில் வேகும் பருப்பு இங்கே 115 டிகிரி அளவில் வேகிறது. வழக்கத்துக்கு மேல் இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட்டால் போதும். இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கரே ஏற்றது; ஐந்து லிட்டர் குக்கரை முகாம் அடுப்பின் சிறிய கால்களின் மேல் ஏற்றினால் சாய்ந்து கவிழும்.

குக்கரைத் தூக்கிவர விரும்பாதவர்கள் வேகவைக்கும் தேவையே இல்லாத உணவை நாடலாம். அவல் இதற்கென்றே அமைந்தது: வெந்நீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும், கீழேயே காய்ச்சிக் கொண்டுவந்த புளிக்காய்ச்சலையோ, எலுமிச்சையையும் தாளிதத்தையுமோ கலந்து பிசைந்துவிடலாம். ரவையும் சேமியாவும் எளிதில் வெந்துவிடும். ஃபில்டர் காபிக்கு மட்டும் இவ்வுயரத்தில் எக்குறையும் இல்லை. டிகாஷன் இறங்க 90 டிகிரி தாராளம்.

எரிவாயுவைத் தேர்வதிலும் கவனம் தேவை. வீட்டு மேசையில் பயன்படும் கேசட் அடுப்பின் நீண்ட டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ப்யூட்டேன். உறைநிலையை நெருங்கும்போது அது ஆவியாவது மந்தப்படும். எரியும்போதே டப்பா மேலும் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலைக் காபி பாதியில் இருக்கும்போது சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கிவிடும். உயரத்தின் குறைந்த அழுத்தம் ப்யூட்டேனுக்குச் சற்று துணைசெய்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும் புரோப்பேன் உருளையில் இயங்கும் இரட்டை அடுப்பே இங்கே தக்கது. டப்பாவை நெருப்பருகே வைத்துச் சூடேற்றுவது வெடிவிபத்தில் முடியும். மழை பெய்கிறதே என்று கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டுவது அதனினும் கொடியது: மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு, எழுந்து வெளியேறும் உணர்வையே முதலில் பறித்துவிடும். எரிவாயு உருளைகளை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது என்பதால், வந்திறங்கும் நகரத்திலேயே வாங்க வேண்டும்.

ஓடைநீரைக் குடிக்க நேர்ந்தால், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் அதை மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்; கீழே ஒரு நிமிடம் போதும். பாத்திரங்களை ஓடையில் கழுவக் கூடாது. உணவையும் சோப்பையும் பற்பசையையும் இரவில் வண்டிக்குள் பூட்டிவைக்க வேண்டும். மாமிசம் மணக்கும் சட்டியைவிடத் திறந்து வைத்த வேர்க்கடலைப் பொட்டலமே இங்குள்ள எலிகளையும் அணில்களையும் விரைவாக அழைக்கும். எலி வளைக்கு அருகே கூடாரம் அடிப்பதும் தவிர்க்கத்தக்கது, ஏனெனில் அவற்றின் எச்சத் தூசி மூச்சில் கலந்து ஹாண்டா வைரஸால் வரும் கடும் நுரையீரல் நோயைத் தரக்கூடும்.

தீயும் விறகும்

தீ மூட்டத் தடை உள்ளதா என்பதைப் பார்வையாளர் மையத்தில் கேட்டறிந்த பின், இரும்புச் சட்டமிட்ட தீக்குழியில் மட்டுமே மூட்ட வேண்டும். தொலைவிலிருந்து விறகு கொண்டுவந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் கூடவே வரும் என்பதால், மலையடியில் விற்பதை வாங்குவதே முறை.

பிரிசில்கோன் பைன் மரத்தின் துண்டை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. தளத்தின் அருகிலிருந்து தொடங்கும் நடைபாதையில், போகவர சுமார் நாலரை கிலோமீட்டரில், இம்மரங்களின் தோப்பு உள்ளது. 1964இல், இந்நிலம் தேசியப் பூங்காவாகும் முன்பு, பனிப்பாறை வரலாற்றை ஆராய்ந்த ஒரு மாணவர் அனுமதி பெற்று வெட்டிய மரத்தில் 4,800க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்கள் இருந்தன. பிரொமீதியஸ் என்று பெயர் பெற்ற அம்மரம், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிக முதியது என்பது வெட்டிய பிறகே தெரிந்தது. குளிரும் வறட்சியும் பிசின் செறிவும் சேர்ந்து, பட்டுப்போன கட்டையையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் காக்கின்றன. காலடியில் விறகாகத் தோன்றும் கட்டை, பண்டைக்காலத் தட்பவெப்பத்தை ஆண்டுவாரியாகக் காட்டும் ஏடு.

நடையும் இடியும்

மேலே வந்த முதல் நாளுக்கு ஸ்டெல்லா, தெரசா ஏரிகளைச் சுற்றிவரும் 4 கிலோமீட்டர்ப் பாதை போதுமானது. சிகரத்துக்குச் சென்று திரும்புவது ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடையும் 880 மீட்டர் ஏற்றமும் உடையது. மேலே இரண்டாவது இரவைக் கழித்த பிறகே அதை எண்ண வேண்டும். விடியும் முன் புறப்பட்டு, நண்பகலுக்குள் மரங்களற்ற முகட்டைவிட்டு இறங்கிவிடுவது கோடை இடிமழைக்கு எதிரான ஒரே காப்பு. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று நொடி சென்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்று பொருள். ஆனால் இடி காதில் விழும் தொலைவே ஆபத்தான தொலைவுதான். கூடாரம் மின்னலைத் தடுக்காது. வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு வீதம் புறஊதாக் கதிர் கூடுவதால் தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் உதட்டுப் பூச்சும் தேவை.

இருள் பாதுகாக்கப்பட்ட வானப் பூங்காவாக 2016இல் அறிவிக்கப்பட்ட இடம் இது. நிலவில்லாத நாளாகப் பார்த்து முன்பதிவு செய்தால், பால்வீதியைக் காண வேறெந்தக் கருவியும் வேண்டியதில்லை. வெள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது அண்டைக் கூடாரத்தாருக்குச் செய்யும் மரியாதை.

புறப்படும் காலையில் தீக்குழியில் நீரூற்றிக் கிளறி, சாம்பலின் மேல் புறங்கையைக் காட்டிச் சூடு அறவே இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கியரைத் தாழ்த்தி எஞ்சினின் இழுவையிலேயே வண்டியை இறக்கி, வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் பேக்கர் வரை இடர் இல்லை.